பேர் போடாத பாடு

திங்கள்
காலையிலிருந்து வாடைக்காற்று. கருவாடு காயவில்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் கவிதா லீவில் வீட்டில். ஏரியில் வலை போடும் முறைக்குப் பாடு என்று பேர். எந்தப் பாட்டில் யார் என்று காட்ட மீனவர் சங்கத்தில் ஒரு பழைய ஆப். அதற்குள் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறாள். காற்று எச்சரிக்கை வந்தால் ஏரியில் இருப்பவர்கள் போனெல்லாம் அலறும். பழைய ஆப் எழுதிய பாஷையை விட்டு வேறு கம்ப்யூட்டர் பாஷையில் எழுதினாளாம்.

“பழைய பாஷைக்கு இன்னாடி கேடு?”

“அதுல பத்து வரி எழுதணும்மா. இதுல ஒரே வரி. ரெண்டும் ஒரே எடத்துலதான் ஓடும்.”

“நானும் அப்படித்தான். உங்க நைனாவைப் பத்து வார்த்தை திட்டற எடத்துல ஒரே பார்வை.”

சிரித்தாள். சங்கத் தலைவர் சிரிக்கவில்லை. “நீ ஊருக்குப் போய்ட்டா இத யாரும்மா ரிப்பேர் பண்றது? பழசுன்னா பக்கத்துல பொன்னேரியிலயே ஆள் கிடைக்கும்.”

செவ்வாய்
தம்பி சேகர் முறை. அவனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதிலாக அந்த முறையில் என் வீட்டுக்காரர் போனார், முகத்துவாரம் பக்கம். மாற்றிப் போனால் ஆப்பில் பேர் போடாமல் விடுவது வழக்கம். பேர் போட்டால் பின்னால் அந்தப் பாடே தன்னுது என்று உரிமைச் சண்டை வரும்.

மதியம் காற்று எழுந்தது. சங்கத்துக்கு எச்சரிக்கை வந்தது. ஒரு போனும் அலறவில்லை. மற்றவர்கள் வானத்தைப் பார்த்தே திரும்பிவிட்டார்கள். இவர் இல்லை. போனையும் எடுக்கவில்லை.

“நான் எழுதினது புது பாஷை. தப்பு காட்டறது பழைய பாஷையில. எந்த வரின்னே தெரியலம்மா.” கவிதா ஆபீஸ் தோழியைப் போனில் கூப்பிட்டாள். “இந்த பாஷை எனக்கு வராதுடி” என்றாள் அவள்.

கரையில் நின்று ஏதோ கிண்டல் செய்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பொழுது சாயும்போது இவர் வந்தார். வலை போச்சு. “இன்னா, எல்லாம் கூடி நிக்கிறீங்க?” ஒரே பார்வை பார்த்தேன்.

புதன்
காரணம் தெரிந்தது. சேகர் முறையில் பேர் போடாமல் விட்ட அந்த இடம்தான். பழைய ஆப் அதைத் தாண்டிப் போய்விடும். புதிய பாஷை கறார். பேர் இருக்கும் என்று கவிதா எழுதியிருந்தாள், இல்லை என்றதும் மொத்தமாக நின்றுவிட்டது. ஊர் போனெல்லாம் ஊமை.

“பழசுலயே எழுதறேன்மா. பத்து வரி ஆனா ஆகட்டும். நான் இல்லாதப்ப யாராவது பாக்கலாம்.”



வியாழன்
காற்று அடங்கவில்லை. இறால் ஓடுகிறதாம், இரவல் வலையோடு இவர் சேகர் முறையிலேயே மறுபடி போகிறார். கவிதா இன்னும் எழுதி முடிக்கவில்லை. அதுவரை புதியதுதான். பேர் இருந்தால் ஓடும். சங்கத்துக்குப் போய் இவர் பேரைப் போட வைத்தேன்.

சேகர் போர்வையோடு வந்தான். “என் பாட்டுல மாமா பேரா? நாளைக்கு உரிமை கேப்பாருக்கா.”

“கேக்கட்டும்டா. கேக்கறதுக்கு மொதல்ல ஆள் வேணுமில்ல.”