நாகரத்தினம் உன் வீட்டுக்கு வருகிறார்

அன்பு மகள் வெண்பாவுக்கு, பிளானோவிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், சர்க்கரை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் கதிரும் சான் ஹோசேயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி எதையும் நீ எனக்கு வைக்கவில்லை. போன் செய்தால் வாய்ஸ்மெயிலுக்குப் போகிறது, பீப் சத்தத்துக்குப் பிறகு சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. உனக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக்கொடுத்தது இப்போதாவது பயன்படட்டும், எழுத்தைப் பெரிதாகவே எழுதியிருக்கிறேன், மெதுவாகப் படி. தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்தபோது கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "யூ ஃபைட் வித் எவ்ரிபடி அப்பா, அப்புறம் யாருமே வர்றதில்லைன்னு கம்ப்ளெயின் பண்றீங்க" என்று சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. கதிர் ஷூ லேஸைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டதையும் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் சொல்ல இதை எழுதவில்லை. நாகரத்தினம் என்ற பாடகியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவர் அவர். தானே பாட்டுக் கட்டி, தானே உடுக்கை அடித்துப் பாடுவார். நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது அவருடைய கேசட் ஒன்று எங்கள் விடுதியில் நாடா தேயும்வரை ஓடியது. நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸைத் திட்டி ஒரு பாட்டு, மாமியாரின் மூக்குப்பொடி டப்பாவைப் புகழ்ந்து ஒரு பாட்டு, வாய்க்காலில் தண்ணீர் விடாத அதிகாரிக்கு ஒரு தாலாட்டு, ஐயா தூங்கட்டும் யாரும் எழுப்பாதீர்கள் என்று. உன் அம்மா கண்மணி அந்தத் தாலாட்டைத்தான் உனக்கும் பாடினாள், ஒரு பாசன அதிகாரிக்கு விழுந்த திட்டைக் கேட்டுத்தான் நீ தூங்கி வளர்ந்தாய். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கே பாடினாலும் முதலில் எதிரில் இருப்பவர்களிடம் இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். வருகிற பதிலை வைத்து அங்கேயே முதல் பாட்டைக் கட்டுவார், பழைய பாட்டுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் கேள்வி கேட்காமல் தொண்டை திறக்காது என்பார்.

இப்பேர்ப்பட்டவரைப் பொங்கல் விழாவுக்கு அழைத்து வரலாம் என்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் சொன்னது நான்தான். ஒரு மணி நேரம் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். விழா அன்று ஆடிட்டோரியத்தில் என்ன நடந்தது தெரியுமா, பொன்னாடை போர்த்தினார்கள். ரியல் எஸ்டேட்காரருக்கு, பல் டாக்டருக்கு, டாக்ஸ் பார்க்கிறவருக்கு, போர்த்தியவருக்கு இன்னொருவர், அவருக்கு முதலில் போர்த்தியவர். பிறகு சினிமாப் பாட்டுக்குக் குழந்தைகள் நடனம், ஒவ்வொரு குழுவுக்கும் தனி போட்டோ. நாகரத்தினம் மேடைக்கு வந்தபோது ஆடிட்டோரியத்தை ஒப்படைக்கும் நேரம் நெருங்கிவிட்டது. அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி, சங்கத் தலைவர் இளமாறன் காதருகே போய், "அக்கா, ஒரே ஒரு சாங், ஃபாஸ்ட்டா முடிச்சிடுங்க" என்றார். என்ன சாப்பிட்டீங்க என்று அவர் கேட்டார், அந்த நேரம் பார்த்து டின்னர் ரெடி என்று யாரோ கத்த, சனம் மொத்தமும் தட்டோடு வரிசையில் போய் நின்றது. கேள்விக்குப் பதில் வராமலே பாடினார். பாதிப் பாட்டில், போதும் என்பதுபோல விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். நான் மேடையேறி இளமாறனிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "திருமூர்த்தி சார், ஏன் சார் எல்லாத்தையும் பர்சனலா எடுத்துக்கறீங்க, சாப்பிட வாங்க, பிரியாணி சூடா இருக்கு" என்று சிரிக்கிறார் மனுஷன். காருக்கு வந்து சங்கத்தின் எல்லா வாட்ஸப் குழுக்களிலிருந்தும் விலகினேன். மறுநாள் மதியம் நாகரத்தினம் என் வீட்டில் பாடுவார் என்று முடிவும் செய்தேன்.

காலையில் சோபாவை கராஜுக்குத் தள்ளி, ஹாலில் ஜமக்காளம் விரித்தேன். கடையில் இரண்டு ட்ரே இட்லி வாங்கி வந்தேன். பிறகு எல்லோருக்கும் சொல்லலாம் என்று போனை எடுத்தால், சொல்வதற்கு எனக்கு ஒரு குழுவும் இல்லை. தனித்தனியாக அனுப்பலாம் என்றால் பாதிப் பேரை நானே ப்ளாக் செய்திருக்கிறேன். மீதிப் பேரில் சிலர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள், வருகிறோம் என்று ஒருவரும் எழுதவில்லை. நீ சொன்னது சரி என்று நான் ஒப்புக்கொள்வதாக எண்ணிக்கொள்ளாதே. இந்த ஊர்க்காரர்கள் அப்படி.

மதியம் போய் வெயில் சாய்ந்தது, தெருவில் ஒரு கார் திரும்பவில்லை. நான் ஜன்னல் திரையை விலக்குவதும் விடுவதுமாக இருந்தேன். நாகரத்தினம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து இட்லியைத் தின்றுகொண்டே, "ஏனுங் தம்பி, அந்தச் சீலையக் கிழிச்சுப்போடாம வந்து உக்காருங்க. நானெல்லாம் எருமைக்கே பாட்டுச் சொன்னவளுங்க, ஒரு ஆளு இருந்தா சாஸ்திங்க" என்றார். உட்கார்ந்தேன். உடுக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, காத்தால என்ன தின்னீங்க" என்றார். இரண்டு ரொட்டித் துண்டு டோஸ்டரில் போட்டதாகவும் ஒன்றைத் தின்றதாகவும் சொன்னேன். "ஒண்ணத்தான் திங்கறவரு ரெண்டு எதுக்குங்க போட்டீங்க" என்றார். டோஸ்டரில் இரண்டு பள்ளம் இருக்கிறது, கண்மணி இருந்தபோதிலிருந்து பழக்கம் என்றேன். அவர் உடுக்கையைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்.

ரெண்டு ரொட்டி சுட்டெடுத்தேன், ஒண்ண நானுந் தின்னுபுட்டேன்,
மத்த ரொட்டி வாசலையே பாத்துப் பாத்து ஆறிப்போச்சு.

இவ்வளவுதான் முதல் அடி. மேற்கொண்டு எவ்வளவு நேரம் பாடினார் என்று நான் கவனிக்கவில்லை. உன் அம்மாவைக் கடைசியாக வழியனுப்பிய நாளில்கூட எனக்கு அப்படி அழுகை வரவில்லை. அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்தார், நிறுத்தி ஆறுதல் சொல்லவில்லை, அதற்கு நான் நன்றியுள்ளவன். கடைசியில் அந்தத் தாலாட்டையும் பாடினார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இப்போது அவர் ஹூஸ்டனில் ஊர்க்காரர் வீட்டில் இருக்கிறார். அடுத்த வாரம் வியாழக்கிழமை சான் ஹோசேக்கு டிக்கெட். உனக்குப் பக்கத்தில் ஃப்ரீமான்ட்டில் ஒரு குடும்பம் தங்கவைத்துக் கச்சேரியும் வைப்பதாக இருந்தது, இப்போது முடியாது என்கிறார்கள். அவரைக் கூப்பிட்டால் பிரச்சினை என்று இளமாறன்தான் அவர்களிடம் சொல்லியிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் அங்கே என் மகள் இருக்கிறாள், அவள் வீட்டில் தங்கலாம், பாடலாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது உனக்குக் கோபமாகத்தான் இருக்கும். கோபத்தை என்மேல் வை, அவர்மேல் வேண்டாம். உன் ஆபீஸ் நண்பர்களைக் கூப்பிடு, தமிழ் தெரியாதவர்களும் வரட்டும், ஆனால் வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டிருக்காதே. கதை என்ன என்று பாட்டுக்கு முன்னால் ஒரு தரம் சொன்னால் போதும், மற்றதை அவர் குரல் பார்த்துக்கொள்ளும். மைக் வேண்டாம், ஏசியைக் குறைத்து வை, காப்பிக்குச் சர்க்கரை போடாதே. யாரும் பொன்னாடை கொண்டுவராமல் பார்த்துக்கொள். என்ன சாப்பிட்டாய் என்று உன்னைக் கேட்பார், நத்திங் ஸ்பெஷல் என்று சொல்லித் தப்பிக்காதே, உள்ளதைச் சொல்.

நீயும் கதிரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நெடுநாள் வாழ வேண்டும், அம்மா இருந்தால் சொல்வதையும் சேர்த்தே சொல்கிறேன். இன்னும் ஒன்று. கிளம்பும்போது நாகரத்தினம், "பொண்ணுகூடப் பேசிக்குவீங்களா தம்பி" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவோம் என்று சொல்லிவிட்டேன். அவர் உன்னிடமும் கேட்பார். அந்த வியாழனுக்கு முன்னால் ஒரு ஞாயிறு வருகிறது, நான் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
திருமூர்த்தி