ஸ்கூட்டர் சாவி என் பையில்

அப்பா,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. மாத்திரை சாப்பிட்ட பிறகு.

ஸ்கூட்டர் சாவியைத் தேடாதீர்கள், நான் எடுத்துப்போகிறேன். "மழையிலயும் நடந்துட்டுதான்மா வந்தேன்" என்றீர்கள் நேற்று. ஷூவின் அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது. அதற்காக, நீங்கள் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடும் நான் அப்படிக் கத்தியது தப்புதான். தினமும் நடக்காவிட்டால் நெஞ்சுக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

உங்களுக்காக நீங்கள் நடக்க மாட்டீர்கள். ஆனால் என்னைக் கூட்டிப்போக ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தே வாருங்கள். இனி தினமும் அப்படித்தான். நீங்கள் வரும்வரை அங்கேயே நிற்பேன்.

மெதுவாகவே வாருங்கள். குடை கதவுக்குப் பின்னால்.

இன்னொன்று. மாற்றுச் சாவி பீரோவிலேயே இருக்கிறது. நெஞ்சு வலித்தால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். வேறு எதற்கும் அதைத் தொடாதீர்கள், அப்பா.