ஞாயிறு சர்வரை நிறுத்தும் திட்டம்

வியாழன் இரவு. மழை விடவில்லை.

எல்லோருடைய கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் சர்வரை ஞாயிறு காலை நிறுத்திப் புதுப்பிக்கப் போகிறேன், அதை நம்பி ஓடும் மெயிலும் ஒரு மணித்தியாலம் வராது என்று இன்று அலுவலகத்தில் அறிவித்தேன். ஞாயிறுதானே, யார் மெயில் பார்க்கப் போகிறார்கள்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பின்னேரம் கணக்குப் பகுதி வசந்தி அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்த நேரம் மெயில் ஒண்டு வந்தால்?"

"தொலையாது அக்கா. அனுப்பின சர்வர் திரும்பத் திரும்ப அனுப்பிப் பாக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாலைஞ்சு நாள். பிறகு விட்டிடும்."

"நாலைஞ்சு நாளோ," என்றார்.

காணாமற்போன தன் மகனைத் தேடித்தரக் கேட்டுக் கொடுத்த எல்லா மனுவிலும் இந்த அலுவலக மெயில் முகவரியைத்தான் எழுதியிருக்கிறாராம்.

உடனே திட்டத்தை மாற்றினேன். முதலில் அதே வேலைக்கு இரண்டாவது சர்வர் ஒன்றை வைத்து, மெயிலை அதற்கு மாற்றி, நாளை முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் பழையதில் கை வைப்பேன். மெயில் ஒரு நிமிடமும் நிற்காது என்று அக்காவிடம் சொன்னேன்.

"சரி தம்பி. எண்டாலும் ஞாயிறு நான் வந்து இருக்கிறன்."

வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.