பங்கு ஏறிய வாரம்

மார்ச் 3
வெளிநாட்டுத் தொழிலாளர்களின் அனுமதியை இனிப் புதுப்பிப்பதில்லை என்று அரசு அறிவித்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் எல்லோரும் கிளம்ப வேண்டுமாம். எங்கள் தொலைபேசி கம்பெனியின் சிம்மில் ஐந்துக்கு இரண்டு அவர்கள் கையில்தான் இருக்கிறது. கேபிளுக்குக் குழி வெட்டுவதும் அவர்கள்தான். தினமும் எத்தனை அழைப்பு என்று எண்ணித் தருவது என் வேலை. மேனேஜரிடம் கேட்டேன், இனி என்ன ஆகும் என்று. “அதெல்லாம் அரசியல்மா. நம்ம வேலையைப் பாருங்க.”

மார்ச் 12
அழைப்புகள் முப்பது சதவீதம் கூடியிருக்கின்றன! எட்டு வருடத்தில் இப்படி ஒரு எண்ணிக்கையைப் பார்த்ததில்லை. மேனேஜர் மேசைக்கு மேசை கேக் வைத்தார். எதற்கெடுத்தாலும் “ஏறுமுகம்” என்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் அதுதான்.

எனக்கு கேக் இறங்கவில்லை. ஏன் கூடுகிறது?

மார்ச் 13
பஸ் நிறுத்தத்து ரீசார்ஜ் கடை அக்காவிடம் கேட்டேன். சிமெண்ட் படிந்த கால்களோடு வாசலில் ஒரு வரிசை நின்றது.

“பின்ன என்னம்மா? ஊருக்குப் போறவன் பேச மாட்டானா? டிக்கெட்டுக்குப் பேசுறான், ஏஜெண்டுகிட்ட கெஞ்சுறான், பொண்டாட்டிகிட்ட அழுவுறான். ஜூன் வந்தா நான் கடைய மூட வேண்டியதுதான்.”

பட்டப்படிப்புப் படித்த இருபது பேர் இதற்குத்தான் கேக் வெட்டினோம்.

மார்ச் 16
அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: “இவை கிளம்புகிறவர்களின் அழைப்புகள், ஜூனில் நின்றுவிடும்.” ஏறுமுகம் அதை அடித்துவிட்டார். “நல்ல நேரத்துல அபசகுனமா எழுதாதீங்க.” வெறும் எண்ணிக்கை மட்டும் பத்திரிகைக்குப் போயிற்று.

மார்ச் 18
பங்கு விலை ஒரே நாளில் பதினொரு சதவீதம் ஏறிவிட்டது. ஊரே கூடிப் பைத்தியக்காரன் கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கிறது.

மார்ச் 19
அண்ணன் போன் செய்தார். அவர் வேலை செய்த ஆலையை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் பாதியை எங்கள் பங்கில் போட்டிருக்கிறார் — தங்கை அங்கே வேலை பார்க்கிறாள் என்ற ஒரே தைரியத்தில்.

“மிச்சத்தையும் போட்டுரலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்ற?”

உள்விவரத்தை வெளியே சொன்னால் வேலையும் போகும், வழக்கும் வரும். சேர்ந்த அன்றே எழுதி வாங்கிவிட்டார்கள்.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுண்ணா.”

தெரியாதாம்! எண்ணிக் கொடுக்கிறவளுக்கே தெரியாதாம்! “அவசரப்படாதீங்க”ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு? என்ன ஜென்மம் நான்.

மார்ச் 20
போட்டுவிட்டார்.

ஜூன் 8
அழைப்புகள் பாதிக்கும் கீழே போய்விட்டன. பங்கு விலையும் பாதி. “யாருமே எதிர்பார்க்கலையே” என்கிறார் ஏறுமுகம், என் முகத்தைப் பார்த்தே. பேப்பர்வெயிட்டை எடுத்து வீசலாம் போல இருந்தது. எடுத்து, தள்ளி வைத்தேன்.

ஜூன் 10
அண்ணனைக் கூப்பிட்டால் அண்ணி எடுக்கிறார். “குளிக்கிறாரு.” காலையிலும் குளிக்கிறார், மதியமும் குளிக்கிறார், சாயங்காலமும் குளிக்கிறார்.

ஜூன் 14
அவரே கூப்பிட்டார். “அன்னிக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லு.”

“தெரியும்ணா.”

வைத்துவிட்டார். கத்தியிருந்தால் தேவலை.

ஜூன் 29
எண்ணுவதற்கு அழைப்பு இல்லை. என்னை ஒப்பந்தப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். குழி வெட்ட ஆளில்லாமல் கேபிள் வேலை தெருவுக்குத் தெரு பாதியில் நிற்கிறது. ஒப்பந்தக்காரர் கண்ணில் பட்டவரையெல்லாம் சேர்க்கிறார். ஐம்பது தாண்டியவரைச் சேர்க்கக் கூடாது, வயதுச் சான்று இல்லாத படிவத்தைத் திருப்ப வேண்டும். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். இன்று ஒன்பது படிவங்களைத் திருப்பினேன்.

ஜூலை 3
இன்று வந்த படிவங்களில் பதினேழாவது அண்ணனுடையது. வயது நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. அவருக்கு ஐம்பத்தாறு. சான்று இல்லை. புகைப்படத்துக்காகத் தலைக்குச் சாயம் பூசியிருந்தார். காதோரத் தோலில் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

“எல்லாம் சரியா இருக்காம்மா?” என்றார் ஒப்பந்தக்காரர்.

“இருக்கு” என்று கையெழுத்துப் போட்டேன்.