கிணற்றடிப் பாலை

ஜனவரி 9, 2024
விசுவமடுவில் இன்றும் மழை. எங்கள் காணிக்குப் பின்னாலுள்ள காட்டில் ஒருவன் மூன்று நாளாக மரம் மரமாகத் தடவிக்கொண்டு திரிகிறான். பெயர் ஜனகனாம், கம்பஸில் படிப்பிக்கிறானாம். அந்துப்பூச்சி தேடுகிறானாம்! ஆருக்குக் காது குத்துகிறான்? போன மாதம்தான் வன இலாகாக் கந்தோர்க்காரர் வந்து, நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வளர்ந்த பற்றையைக் காட்டி, இது காடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காணி எங்களுக்கா, காட்டுக்கா என்று பெப்ரவரியில் முடிவாம். அப்பா வெட்டித் திருத்திய இரண்டு ஏக்கர்.

ஜனவரி 11
இவர் அவனைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். உமக்கு ஆரைக் கண்டாலும் சந்தேகம் என்கிறார். ஓம், சந்தேகம்தான். நம்பி நம்பி என்ன கண்டோம்?

ஜனவரி 12
நானே பின்னால் போனேன். காட்டினான். சுண்டுவிரல் நகமளவு. சாம்பல் செட்டை, அதில் பாசிப்பச்சைப் புள்ளிகள், குறுக்கே வளைந்த ஒரு மண்ணிறக் கோடு. பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடந்தது. ஊதியபிறகுதான் உயிர் என்று தெரிந்தது. கிழட்டு மரம், நிழல், ஈரம், பட்டையில் பாசி — இவ்வளவும் இருந்தால்தான் சீவிக்குமாம்.

“ஒருக்காலும் வெட்டாத காட்டிலைதான் அக்கா இருக்கும்.”

எங்கள் காணியில் ஒன்று இருந்தால்? காடு என்றே எழுதிவிடுவார்களே. இதுக்குத்தான் வந்திருக்கிறானோ?

ஜனவரி 13
விடிந்ததிலிருந்து பற்றை முழுக்கத் தேடினேன், கையில் விளக்குமாறு. ஒன்றுமில்லை.

ஜனவரி 15
பொங்கல். அவனும் வந்து சாப்பிட்டான். பிறகு, காணிக்குள்ளும் பார்க்கட்டோ என்று கேட்டான். இவர் உடனே ஓம் என்றுவிட்டார். விடாமல் கூடவே நடந்தேன். கிணற்றடியில் அப்பா நிழலுக்கென்று வெட்டாமல் விட்ட பாலைமரம் நிற்கிறது, சுற்றிக் கிடுகு மறைப்பு. அங்கே திரும்பினான். அது நாங்கள் குளிக்கிற இடம், போகாதேங்கோ என்றேன். வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டான்.

பெப்ரவரி 20
காணி எங்களுக்குத்தான்! ஜனகன் கந்தோருக்குக் கடிதம் எழுதியிருக்கிறான்: பூச்சி வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும்தான், உள்ளே இல்லை, ஆகவே இது முந்தியே வெட்டித் திருத்திய நிலம் என்று. நாங்கள் கேட்கவுமில்லை. நான் அவனை என்னவெல்லாம் நினைத்தேன். சீ.

பெப்ரவரி 24
குளிக்கப் போனேன். எந்த நேரமும் தண்ணீர் தெறித்துப் பாலைப் பட்டையில் பாசி. சவர்க்காரம் வைக்கிற இடத்துக்கு மேலே, சாம்பல் நிறத்தில், நகமளவு. ஊதினேன். அசைந்தது.

செருப்பைக் கழற்றி ஓங்கினேன். பிறகு போட்டுக்கொண்டேன்.

இவருக்கும் சொல்லவில்லை.

மார்ச் 2
ஜனகன் போன் எடுத்தான்.

“கிணத்தடிப் பாலையை மட்டும் நான் பாக்கேல்லை அக்கா. நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?”

கிணற்றடியில்தான் நின்றேன். இன்று இரண்டு இருந்தன.

“ஒண்டுமில்லைத் தம்பி.”

சரி அக்கா என்றான். திருப்பிக் கேட்கவேயில்லை.