சீனத்து வாசல்படி

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அந்த அரண்மனை வாசலில் வைத்தே சொல்லியிருந்தேன், அத்தான். என் வாய்க்கு அந்தக் குணம் உண்டு. நான் சொல்லி நடக்காதது இந்த நாஞ்சில் நாட்டில் எதுவும் இல்லை. கேட்கிற ஆள்தான் இல்லை.

இன்று காலையில் உங்கள் வீட்டு முன்வாசலில் அயினி மரம் அறுபடுகிற வாசனை. எத்தனை பழைய தடி, இன்னும் உள்ளே பால்மணம் இருக்கிறது. உங்கள் அப்பா வைத்த வாசல்படியை அடியோடு எடுக்கச் சொல்லிவிட்டாள் அக்கா. வருஷத் திவசம் கழியாமல் நிலையில் கை வைக்கக் கூடாது என்று ஆசாரிதான் இத்தனை நாள் தள்ளிக்கொண்டு வந்தார். கழிந்த மறுநாளே அவருக்கு ஆள் அனுப்பிவிட்டாள்.

"நல்ல வைரம் பாஞ்ச தடியாக்கும் அம்மா. நம்ம பேரப்பிள்ளைய காலத்துக்கும் கெடக்கும். என்னத்துக்கு எடுக்கணும்?" என்று ஆசாரி கேட்டார்.

"எடும். படி தட்டித்தான் அவிய போனாவ. இனி இந்த வீட்டுல படியே வேண்டாம்."

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் மோட்டுவளையைப் பார்த்தேன். நீங்கள் படி தட்டிய கதையை இந்த ஊருக்குச் சொன்னவன் நான்தானே.

உங்கள் மகள் பீஜிங்கில் வேலைக்குப் போனதிலிருந்து "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு விமானம் என்றாலே பயம். "எனக்க தம்பியைக் கூட்டிட்டுப் போங்க, அவன் மஸ்கட்டு பாத்தவன்" என்று தன் இடத்தை எனக்குக் கொடுத்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. உலகம் கைவிடவில்லை. விமானத்தில் ஏறுவது எனக்குத் தக்கலை பஸ்ஸில் ஏறுகிற மாதிரி.

புறப்படுகிற அன்று கார் தெருவில் நிற்கிறது. நீங்கள் முற்றத்தைத் தாண்டி, ஒரு கையால் கார் கதவையும் பிடித்துவிட்டீர்கள். அப்போதுதான் அக்கா இந்தப் படியில் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க! கண்ணாடி!"

மூக்குக் கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு மறந்திருந்தீர்கள். அவள் கண்ணாடியை நீட்டிய பிறகுதான் பின்னால் கூப்பிட்டுவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அத்தான், உள்ள போய் உக்காந்து ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டுப் புறப்படுங்க" என்றேன். அதுதானே நம் வழக்கம். புறப்பட்டவரைப் பின்னால் கூப்பிட்டால், அந்தப் புறப்பாட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் புறப்பட வேண்டும்.

நீங்கள் சிரித்தீர்கள். "சும்மா இரும்வே மாப்ளே. பிளேனு நமக்காவ காத்துக் கெடக்குமா?"

அக்கா படியிலேயே நின்றாள். கார் தெரு முனை திரும்புகிற வரை கையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

சீனாவில் அந்தத் தோட்ட அரண்மனைக்குப் போன அன்று வானம் திருநீற்று நிறத்தில் கிடந்தது. முன்காலத்து ராஜாக்கள் கோடைக்கு வந்து தங்குகிற இடமாம். உள்ளே ஒரு ஏரி. அதை மனிதக் கையால் வெட்டி, வெட்டிய மண்ணைப் பக்கத்தில் மலையாகக் குவித்திருக்கிறார்கள் என்று உங்கள் மகள் சொன்னாள். "பத்மநாபபுரம் அரண்மனைத் தரையில மொகம் பாத்துச் சவரம் பண்ணலாம். இங்க வெறும் கல்லுல்லா கெடக்கு" என்று ஒரு காவலாளியிடமே சொன்னேன். அவன் விறைத்து நின்று எனக்கு சல்யூட் வைத்தான். நீங்கள் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஏரி முழுக்கத் தாமரை, ஒன்றில்கூட உயிர் இல்லை. நம் குளத்தில் தாமரை வெயிலில்தான் கருகும். இது குளிரில் கருகியது. தண்டெல்லாம் ஒடிந்து, கறுத்து, தலையைத் தண்ணீருக்குள் விட்டு நின்றன. "அறுத்துப் போட மாட்டாங்களா?" என்று கேட்டீர்கள். ஒரு வயல்காரனுக்கு அதுதான் கண்ணில் படும். எனக்குப் பட்டது வேறு. பூவே இல்லாத தாமரைக்குளத்தை இத்தனை பேர் எதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்பதுதான்.

கரையோரம் ஒரு கப்பல். அடிப்பாகம் முழுதும் கல். ஏரியில் நிற்கிறது, ஆனால் கட்டிய நாள் முதல் ஒரு அடி நகர்ந்ததில்லை.

"ஓடாத கப்பலுக்கு எதுக்குவே இத்தனை ஜன்னல்?" என்றீர்கள்.

"உள்ள இருக்கப்பட்டவங்க வெளிய பாக்கத்தான், அத்தான்."

"உள்ள யாரு இருக்கா?"

நான் ஒரு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தேன்.

அப்புறம் அந்த வெண்கல மாடு. ஏரியைப் பார்த்துத் தலையைத் தூக்கிப் படுத்திருக்கிறது. நமக்கு நந்தி என்றால் எதிரே சிவன் இருக்க வேண்டும். இதற்கு எதிரே தண்ணீரும் மூடுபனியும்தான். சுற்றிலும் வேலி. நீங்கள் வேலியில் சாய்ந்து, கோவிலில் நந்தியின் காதில் சொல்கிற மாதிரி கையைக் குவித்து ஏதோ சொன்னீர்கள்.

"அப்பா, அது சாமி இல்லப்பா. வெள்ளம் வராம இருக்க வச்சிருக்காங்க" என்றாள் மகள்.

"காது இருக்குல்லா? கேட்டுக்கிடட்டும்."

"என்ன கேட்டீங்க?" என்றேன்.

"எனக்க மாப்ளைக்கு வாயைக் கொஞ்சம் குறைச்சுக் குடுன்னு கேட்டேன்."

மகள் சிரித்த சிரிப்பில் ஒரு சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன். ஆனால் கேட்கிற சாமி எதிரே இல்லாமல், மாட்டின் காதில் மட்டும் சொன்ன வேண்டுதல் யாரிடம் போய்ச் சேரும்? அன்றைக்கே எனக்கு அந்த யோசனை.

கடைசியாகத்தான் அந்தக் கட்டிடம். ஏரியை ஒட்டி ஒரு முற்றம், சுற்றி அறைகள், சிவப்புத் தூண்கள். வெளியிலிருந்து பார்த்தால் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. உங்கள் மகள் ஒரு கதவின் பக்கம் கூட்டிப் போய்க் காட்டினாள். கதவுக்குப் பின்னால் அறை இல்லை, செங்கல் சுவர். கதவை மூடி மறைக்கிற மாதிரி மேலிருந்து கீழ் வரை கட்டியிருந்தார்கள்.

"ஒரு ராஜாவை அவரோட பெரியம்மாவே இங்க அடைச்சு வச்சாங்களாம். வெளிய போகாம இருக்க வழியெல்லாம் செங்கல் வச்சு அடைச்சிட்டாங்க" என்றாள்.

நான் செங்கலில் காதை வைத்துப் பார்த்தேன். யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது என்று உங்களிடம் சொன்னேன்.

"மாப்ளே, பதரைத் தூத்திட்டுச் சொல்லும்வே" என்றீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் சொல்லி வந்த வார்த்தை அது. நான் எதைச் சொன்னாலும், முறத்தில் போட்டுக் காற்றில் தூற்றி, பதர் பறந்தபின் மிஞ்சுகிற மணியை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள். கோபித்ததில்லை. பதர் பறப்பதைப் பார்ப்பதே உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அங்கே நீங்களும் அந்தச் செங்கலில் கையை வைத்தீர்கள். எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "கதவு இருக்கு. வழி இல்லியே மாப்ளே" என்றீர்கள், சிரிக்காமல்.

அந்த முற்றத்தை விட்டு வெளியே வரும்போதுதான் அது நடந்தது. சீனத்து வாசல்படி நம் படி மாதிரி இல்லை. முழங்கால் உயரத்துக்கு நிற்கிற ஒரு பலகை. நீங்கள் வலது காலைத் தூக்கினீர்கள். பெருவிரல் அந்தப் பலகையில் டங்கென்று தட்டியது. அதே நொடியில் கூரைமேல் இருந்து, கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட வால் வைத்த பறவை ஒன்று கரகரத்துப் பறந்தது, இடமிருந்து வலமாக. ராஜாவை அடைத்த வாசல், தட்டியது வலது கால். "அத்தான், இது நல்லதுக்கில்ல" என்றேன் நான்.

ஊருக்கு வந்து மார்கழிகூடப் பிறக்கவில்லை. கும்பப்பூ நெல் நடவு முடிந்த வயலைப் பார்த்துவிட்டு வந்தீர்கள், காலைக் கழுவினீர்கள், முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அக்கா காப்பியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது காப்பியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. உங்களிடம் மூச்சு இல்லை.

அக்கா அழவில்லை, அத்தான். அதுதான் எனக்குப் பயம். உங்களை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் முன்வாசல் பக்கமே வரவில்லை. அடுக்களை வழியாகப் போவாள், கொல்லை வழியாக வருவாள். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைப்பாள். துட்டி கேட்க வந்த ஒரு பெண், இவள் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னாள், "புறப்பட்ட ஆளைப் பின்னால விளிச்சா வெளங்குமா?"

அன்று கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள் அக்கா. "ஏலே, நான் கூப்பிட்டேன்லா. படியில நின்னு நாந்தான கூப்பிட்டேன். உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்ல வாய் வரல்லியே எனக்கு." கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே பேசினாள். எதற்கு அதைப் பார்க்கிறாள் என்று யோசித்ததும், அவள் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டி வந்தேன்.

பதினாறாம் நாள் அடியந்திரத்தில், பந்தி முடிந்து எல்லாரும் இருக்கும்போது நான் சீனத்து வாசல்படியைச் சொன்னேன். செங்கல் சுவர், டங்கென்ற சத்தம், பறவை, எல்லாம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக ஒரு கதை சொன்னதில்லை.

அக்கா அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏலே, நெசமாவா?"

"நெசந்தான் அக்கா. ராஜாவை உயிரோட அடைச்சு வச்ச வாசலாக்கும். அதுக்க தோஷம் லேசில விடுமா?"

"அப்பம் நான் கூப்பிட்டது?"

"நீ கண்ணாடிக்குக் கூப்பிட்ட. அந்தக் கண்ணாடி இருந்ததுனாலதான் அவிய அம்புட்டையும் பாத்தாவ."

அவள் தன் மகளைப் பார்த்தாள். மகள் அன்று எங்கள் கூடவே இருந்தவள். நான் குனிந்து பந்திப் பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

"ஆமாம்மா. மாமா சொல்லது சரிதான். நானும் பாத்தேன்" என்றாள் உங்கள் மகள்.

அப்போதுதான் அக்கா அழுதாள். அழுது முடித்து, இலை போடச் சொல்லி, சோறு தின்றாள்.

அதன்பின் கதை என் கையில் நிற்கவில்லை. சவரக்கடையில் சொல்லும்போது பெருவிரல் நகம் பெயர்ந்தது. கருங்கல் ஊர்ச் சந்தையில் சொல்லும்போது ரத்தம் வந்தது. ஆனால் அக்காவிடம் மட்டும் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் அதை மனதில் வைத்து மெல்ல மெல்லத்தான் இந்தப் படிக்கு வந்திருக்கிறாள். தட்டுகிற படி எந்த வாசலிலும் இருக்கக் கூடாதாம்.

மத்தியானம் தடி பெயர்ந்து வந்தது. அடியில் கறுத்த ஈரமண், அதில் ஒரு நட்டுவாக்காலி. ஆசாரி அதைச் செருப்பால் அடித்துவிட்டு, "படி இல்லாத வாசலு நல்லதில்ல, கேட்டேரா? ஊர்ந்து வாறதுக்கு ஒரு தடை வேண்டாமா?" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்கும் வாசலின் அந்தத் திறந்த வாயைப் பார்க்க நன்றாக இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். "நிறுத்தும் ஆசாரி, படி அங்கேயே கிடக்கட்டும்" என்று. சொன்னால் அக்கா காரணம் கேட்பாள். காரணத்தைச் சொன்னால் அவள் திரும்பவும் கிணற்றடிக்குத்தான் போவாள்.

வாயை மூடிக்கொண்டேன். அந்த வெண்கல மாடு உங்கள் வேண்டுதலைக் கேட்டுவிட்டது போலிருக்கிறது.

அப்போது அக்கா கொல்லைப்பக்கமிருந்து வீட்டைச் சுற்றி முற்றத்துக்கு வந்தாள். படி இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையை லேசாகத் தூக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக உள்ளே நடந்தாள். நீங்கள் போனபின் முதல் தடவை. உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏலே, இங்க நல்லா காத்து வருதுலே" என்றாள்.

உங்கள் மகள் அன்று அரண்மனையில் எடுத்த ஒரு போட்டோவை, திவசத்துக்கு வந்திருந்தபோது என் போனுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. அவள் போனில் அதை அழித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். என்னால் அழிக்க முடியவில்லை, சட்டைப்பையில் கொண்டு நடக்கிறேன். அந்தச் சிவப்பு வாசல், பின்னால் சாம்பல் ஏரி. நீங்கள் வேட்டி கட்டிப் பழகிய ஞாபகத்தில் பேண்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். வலது காலை யானை மாதிரி அந்தப் படிக்கு மேலே அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியிருக்கிறீர்கள். மூக்கில் அக்கா கொடுத்த கண்ணாடி.

பதரைத் தூற்றிவிட்டேன், அத்தான். உங்கள் கால் அந்தப் படியில் தட்டவே இல்லை.