காத்தாடி சத்தம்

மார்ச் 3

மகளை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. போகும்போது இந்தப் போனைக் கையில் திணித்து, "நீங்க பேசுங்கப்பா, அதுவே எழுதிக்கும்" என்றாள். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால் பேசுகிறேன். அவள் அறையில் கம்ப்யூட்டர் ஏதோ கணக்கை நிற்காமல் போட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் காவல். "அதுக்குள்ள சுத்துற காத்தாடி சத்தம் நின்னா அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். அவர் என்றால் மாப்பிள்ளை.

மார்ச் 5

காத்தாடி சுற்றுகிறது.

மார்ச் 9

அப்படி என்னதான் கணக்கு என்று அவளிடமே போய்க் கேட்டேன்.

"தரைக்கல்லு பதிச்சவர்தானே நீங்க? எட்டுக் கல்லை ரெண்டு வரிசையா போடலாம். ஏழு கல்லை?"

"ஒரே வரிசைதான். வேற எப்படிப் போட்டாலும் இடிக்கும்."

"அதான் வகுபடாத எண். இதுவும் அப்படியான்னு பாக்குறேன். ரெண்டை ரெண்டால பெருக்கிட்டே போயி, கடைசியில ஒண்ணைக் கழிச்சது. எழுதினா வீடு கொள்ளாது."

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விடவில்லை: "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுத்தீங்கல்ல? இப்ப மாட்டுனீங்க."

முடிவு வரும்வரையாவது இருக்க வேண்டும் என்கிறாள். எண் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? அவள் இருக்க வேண்டும்.

டாக்டர் சொன்னது: "கோளாறு இருக்குன்னு டெஸ்ட்ல தெரியுது. எங்கன்னுதான் தெரியல."

மார்ச் 17

திரையில் கடைசி வரி மாறிவிட்டது. படிக்கத் தெரியாவிட்டாலும் பழைய வரியின் வளைவும் புள்ளியும் எனக்கு மனப்பாடம். இது அது இல்லை. மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. முடிவு கண் முன்னால் கிடக்குது, கிழவன் பே பேன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் — என்ன ஜென்மம் இது?

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து படித்தார். "வகுபடுமாம், மாமா."

"எதால?"

"அதைச் சொல்லாது. வகுபடும்னு மட்டும்தான் சொல்லும்."

இதுவும் டாக்டர் பேச்சுதானா!

மார்ச் 18

வகுபடவில்லையாம் என்று சொல்லிவிடலாம். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனேன். வாயைத் திறக்குமுன், "வகுபட்டுருச்சா?" என்றாள். "உங்க மூஞ்சியில பொய் ஒட்டாதுப்பா."

எதால் என்று தெரியவில்லையாம் என்றேன்.

"அது வேற கணக்கு. அதுக்கு என் ஆயுசு பத்தாது."

சிரித்தாள். நான் போர்வையை இழுத்து விட்டேன். வேறு என்ன செய்ய?

ஏப்ரல் 2

மகள் போய்விட்டாள். எதனால் என்று கடைசிவரை ஒருவரும் சொல்லவில்லை. அவள் கண்ணாடியும் சீப்பும் செருப்பும் ஒரு பையில் வீடு வந்தன.

கம்ப்யூட்டர் தானாகவே அடுத்த எண்ணை எடுத்துக்கொண்டு ஓடுகிறது. "நிறுத்திரலாமா, மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

எதை அழுத்தினால் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆனால் எதையும் அழுத்தவில்லை. வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.